ஒளிந்து விளையாட ஓர் ஊர் கட்டிய நடிகர்



கோடை விடுமுறை என்றதும் உங்களுக்கு என்னென்ன நினைவுக்கு வருகிறது? பாட்டி வீடு, மாங்காய், கிணற்றுக் குளியல், தெருக் கிரிக்கெட், ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு கதை கேட்பது... இப்படி ஒரு பெரிய பட்டியலே போடுவீர்கள் இல்லையா?

ஆனால் விடுமுறை முழுவதையும் மருத்துவமனைக் கட்டிலில் கழிக்கும் குழந்தைகளும் உலகில் இருக்கிறார்கள். புற்றுநோய் பெரியவர்களுக்கு மட்டும் வருவதல்ல, சில நேரம் குழந்தைகளுக்கும் வருகிறது. அவர்களில் பலருக்கு வருவது இரத்தப் புற்றுநோய். அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் கூட மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். அந்த மருந்துகளால் தலைமுடி உதிரும், உடம்பு சோர்ந்து போகும். வெயிலில் ஓடாதே, கூட்டத்தில் போகாதே, தண்ணீரில் இறங்காதே என்று நாள் முழுவதும் தடைகள்தான் காதில் விழும்.

அப்படிப்பட்ட குழந்தைகள் ஓடி ஆடி, கத்திக் கூச்சல் போட்டு விளையாடுவதற்கென்றே ஒருவர் ஒரு சின்ன ஊரைக் கட்டினார். அவர் டாக்டர் அல்ல. அரசரும் அல்ல. அவர் ஒரு சினிமா நடிகர். பெயர் பால் நியூமன். நீங்கள் பிறப்பதற்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். ஆனால் அவர் கட்டிய ஊரில் இன்றும் குழந்தைகளின் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவருடைய கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கடைக்காரர் மகன்

அமெரிக்காவில் ஓஹியோ என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே கிளீவ்லாந்து நகரை ஒட்டிய ஊரில் 1925ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி பால் நியூமன் பிறந்தார். அவருடைய அப்பா விளையாட்டுச் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தார். பந்தும் மட்டையும் நிறைந்த கடை! உங்களுக்குப் பொறாமையாக இருக்கிறதா?

ஏழு வயதில் பள்ளி நாடகம் ஒன்றில் நியூமனுக்கு ஒரு வேடம் கிடைத்தது. ராஜா வேடம் இல்லை, அரண்மனைக் கோமாளி வேடம்! குழந்தைகளைச் சிரிக்க வைக்கும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது போலும்.

இளைஞரானதும் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. நியூமன் கடற்படையில் சேர்ந்தார். விமானம் ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் கண்ணைச் சோதித்துப் பார்த்தபோது அவருக்கு நிறக்குருடு இருப்பது தெரிந்தது. சில நிறங்களைப் பிரித்தறிய முடியாத குறை அது. விமானி ஆக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பிற்காலத்தில் நீல நிறக் கண்களுக்காகவே உலகப் புகழ் பெற்றவர் அவர். அந்தக் கண்களால் எல்லா நிறங்களையும் சரியாகப் பார்க்க முடியவில்லை என்பது எவ்வளவு வேடிக்கை!

விமானி வேலை போனால் என்ன என்று, போர் விமானத்தில் வானொலிச் செய்தி அனுப்புபவராகவும் துப்பாக்கி இயக்குபவராகவும் பணியாற்றினார்.

காதுவலி காப்பாற்றியது

1945ஆம் ஆண்டு ஒரு சம்பவம் நடந்தது. நியூமனின் படைப்பிரிவு பங்கர் ஹில் என்ற விமானம் தாங்கிக் கப்பலுக்குப் போக உத்தரவு வந்தது. புறப்படும் நேரத்தில் அவருடைய விமானத்தை ஓட்டும் விமானிக்குக் காதில் கோளாறு. அதனால் அந்த ஒரு விமானம் மட்டும் போகவில்லை. மற்றவர்கள் போனார்கள். சில நாட்களில் ஜப்பானிய விமானங்கள் அந்தக் கப்பலின் மீது மோதித் தாக்கின. நியூமனுடன் பணியாற்றியவர்கள் பலர் அதில் இறந்து போனார்கள்.

யோசித்துப் பாருங்கள். யாரோ ஒருவருடைய காதுவலி இவருடைய உயிரைக் காப்பாற்றியது! இதில் இவருடைய திறமை என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அதிர்ஷ்டம், அவ்வளவுதான். தன் வாழ்க்கையில் திறமையை விட அதிர்ஷ்டத்துக்குத்தான் பங்கு அதிகம் என்று நியூமன் கடைசி வரை நம்பினார். இந்த எண்ணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு வரும்.

மன்னிப்புக் கேட்ட நடிகர்

போர் முடிந்ததும் கல்லூரியில் படித்து 1949இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே அப்பா இறந்துவிட்டார். கொஞ்ச காலம் கடையைப் பார்த்துக்கொண்டார். ஆனால் மனம் நாடகத்தில் இருந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்து, நியூயார்க் மேடைகளில் நடித்து, அங்கிருந்து சினிமாவுக்குப் போனார்.

1954இல் வெளிவந்த முதல் படம் அவருக்கே பிடிக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்தப் படம் தொலைக்காட்சியில் வந்தபோது, யாரும் பார்க்க வேண்டாம் என்று மன்னிப்புக் கேட்டுத் தன் சொந்தச் செலவில் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாராம்! அதைப் படித்தவர்கள், அப்படி என்னதான் இருக்கிறது என்று ஆவலோடு படம் பார்த்தார்களாம்.

ஆனால் 1956இல் குத்துச்சண்டை வீரராக நடித்த படம் அவரைப் பெரிய நட்சத்திரமாக்கியது. பிறகு வெற்றிமேல் வெற்றி. 1987இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதும் கிடைத்தது. இதற்கிடையே கார் பந்தயத்திலும் இறங்கினார். 1979இல் பிரான்சில் நடக்கும் புகழ்பெற்ற லே மான் பந்தயத்தில் அவருடைய அணி இரண்டாம் இடம் பெற்றது. அப்போது அவருக்கு வயது 54!

புகழும் பணமும் இருந்ததால் துன்பமே இல்லை என்று நினைக்காதீர்கள். 1978இல் அவருடைய ஒரே மகன் ஸ்காட் 28 வயதில் இறந்து போனார். போதைப் பொருள்தான் காரணம். பிள்ளையை இழப்பது எப்படிப்பட்ட வேதனை என்பது நியூமனுக்குத் தெரியும்.

துடுப்பால் கலக்கிய சாறு

அமெரிக்காவில் பச்சைக் காய்கறிகளை நறுக்கி, அதன்மேல் எண்ணெயும் வினிகரும் மசாலாவும் கலந்த ஒரு சாற்றை ஊற்றிச் சாப்பிடுவார்கள். அதை சாலட் டிரஸ்ஸிங் என்பார்கள். நியூமன் இதைச் செய்வதில் கெட்டிக்காரர். உணவு விடுதிக்குப் போனால் கூட, எண்ணெய், வினிகரைக் கேட்டு வாங்கித் தானே கலந்துகொள்வார்.

1980ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயம். நியூமனும் அவருடைய நண்பரான எழுத்தாளர் ஹாட்ச்னரும் வீட்டு நிலவறையில் ஒரு பெரிய தொட்டி நிறைய அந்தச் சாற்றைத் தயாரித்தார்கள். அவ்வளவு பெரிய தொட்டியைக் கலக்கக் கரண்டி போதுமா? படகு ஓட்டும் துடுப்பை எடுத்துக் கலக்கினார்கள்! பழைய பாட்டில்களில் ஊற்றி அக்கம் பக்கத்தாருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். தீர்ந்ததும் எல்லோரும் காலிப் பாட்டிலோடு திரும்ப வந்து நின்றார்கள்.

அப்படியானால் கடைகளில் விற்றால் என்ன என்று தோன்றியது. 1982இல் இருவரும் 40 ஆயிரம் டாலர் போட்டு ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அலுவலகத்தில் மேசை நாற்காலி வாங்கக் கூடப் பணத்தை வீணாக்கவில்லை. நியூமன் வீட்டு நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். டேபிள் டென்னிஸ் மேசைதான் கூட்டம் நடத்தும் மேசை!

பாட்டிலில் நியூமனின் முகம் இருந்தால்தான் விற்கும் என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். சாறு விற்பதற்கா என் முகம் என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். முகத்தைப் போடலாம், ஆனால் கிடைக்கும் லாபத்தில் ஒரு காசு கூடத் தனக்கு வேண்டாம், அத்தனையும் நல்ல காரியங்களுக்குப் போக வேண்டும்.

முதல் ஆண்டிலேயே 3 லட்சம் டாலருக்கும் மேல் லாபம் வந்தது. சொன்னபடியே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். பிறகு பாப்கார்ன், தக்காளிச் சாறு, எலுமிச்சைப் பானம் என்று வியாபாரம் வளர்ந்தது. கொடையும் வளர்ந்தது. அந்த நிறுவனத்தின் மூலம் இதுவரை 50 கோடி டாலருக்கும் அதிகமான பணம் தர்ம காரியங்களுக்குப் போயிருக்கிறது.

கொள்ளைக்காரர்களின் ஒளிவிடம்

இப்போது அதிர்ஷ்டம் பற்றிச் சொன்னேனே, அதற்கு வருவோம்.

தான் ஒன்றும் பெரிதாகச் செய்யாமலே தனக்கு நல்ல அதிர்ஷ்டம் வாய்த்தது என்று நியூமன் நினைத்தார். அதே போல, ஒரு தவறும் செய்யாமலே சில குழந்தைகளுக்குக் கொடிய நோய் வந்துவிடுகிறதே! இது என்ன நியாயம்? அதிர்ஷ்டம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களுக்குக் கைகொடுக்க வேண்டாமா? இந்த எண்ணத்தில்தான் நோயுற்ற குழந்தைகளுக்கு ஒரு கோடை முகாம் கட்டத் தீர்மானித்தார்.

ஆனால் அது சுலபமான காரியமா? சளி பிடித்தால் கூட ஆபத்தாகிவிடும் நிலையில் இருக்கும் குழந்தையை எந்த அம்மா காட்டுக்குள் இருக்கும் முகாமுக்கு அனுப்புவார்? அதனால் மருத்துவர்களின் உதவியை நாடினார். யேல் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் இரத்த நோய்களில் வல்லவரான டாக்டர் ஹோவர்ட் பியர்சன் முன்வந்தார். முகாமுக்குள்ளேயே ஒரு சிறு மருத்துவமனை இருக்கும், டாக்டரும் நர்சுகளும் இரவு பகலாக இருப்பார்கள், ஊசி மருந்து நாள் தவறாமல் போடப்படும் என்று ஏற்பாடு செய்தார்கள்.

கனெக்டிகட் மாநிலத்தில் ஆஷ்ஃபோர்டு என்ற ஊரில், 300 ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டு நிலத்தில் முகாம் எழுந்தது. சாறு விற்ற பணம் மட்டும் போதவில்லை. பலரும் உதவினார்கள். சவூதி அரேபிய மன்னர் 50 லட்சம் டாலர் அனுப்பினார். 1988ஆம் ஆண்டு கோடையில் முகாம் திறக்கப்பட்டது.

அதற்கு நியூமன் வைத்த பெயர் என்ன தெரியுமா? சுவர் ஓட்டைக் கும்பல் முகாம்! ஆங்கிலத்தில் ஹோல் இன் தி வால் கேங் கேம்ப். 1969இல் அவர் நடித்த படம் ஒன்றில் வரும் கொள்ளைக் கூட்டத்தின் பெயர் அது. உண்மையிலும் அந்தக் கொள்ளைக்காரர்கள் மலை இடுக்கில் போலீசுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்தார்கள். அவர்கள் போலீசிடமிருந்து ஒளிந்தது போல, இந்தக் குழந்தைகள் நோயிடமிருந்து கொஞ்ச நாள் ஒளிந்து விளையாடட்டும் என்று நினைத்தார் நியூமன்.

அதனால் கட்டடங்களும் பழைய கௌபாய் படத்தில் வரும் ஊர் மாதிரியே இருக்கும். மரக்கட்டை வீடுகள், ஏரி, குதிரைகள், நாடக மேடை. மருத்துவமனைக்குக் கூட, பழைய துப்பாக்கிச் சண்டை நடந்த இடத்தின் பெயரான ஓகே கொரால் என்று பெயர் வைத்தார்கள். ஊசி போட்டுக்கொள்ளப் போகிறேன் என்று சொல்ல வேண்டாம். ஓகே கொராலுக்குப் போகிறேன் என்று சொன்னால் போதும்!

குழந்தைகளிடம் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

தொப்பியைக் கழற்றும் நாள்

அங்கே என்னதான் செய்வார்கள்? மீன் பிடிப்பார்கள், படகு விடுவார்கள், அம்பு எய்வார்கள், குதிரை ஏறுவார்கள், உயரமான கோபுரத்தில் ஏறுவார்கள். சக்கர நாற்காலியில் வரும் குழந்தையும் இவற்றில் கலந்துகொள்ளும்படி வழி செய்திருக்கிறார்கள்.

ஆனால் இவற்றை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. முடி உதிர்ந்த குழந்தை வெளியே எங்கே போனாலும் எல்லோரும் உற்றுப் பார்ப்பார்கள். அதனால் தொப்பியைக் கழற்றவே கழற்றாது. இந்த முகாமிலோ பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனுக்கும் முடி இல்லை. எதிரில் சாப்பிடுகிறவளுக்கும் நெஞ்சில் அதே போன்ற தழும்பு. பார்த்து யாரும் திடுக்கிடுவதில்லை. இரண்டொரு நாளில் தொப்பி எங்கே போனது என்றே தெரியாது!

மருந்து சாப்பிட்டால் குமட்டுமே, உனக்கும் அப்படித்தானா என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டுக்கொள்வார்கள். டாக்டர் சொல்லும் ஆறுதலை விட, அதே வலியைப் பட்ட இன்னொரு குழந்தை சொல்லும் ஒரு வார்த்தைக்குப் பலம் அதிகம். சிறு வயதில் முகாமுக்கு வந்து நோய் குணமானவர்களில் சிலர், பெரியவர்களான பிறகு அண்ணனாகவும் அக்காவாகவும் இங்கே தொண்டு செய்ய வருகிறார்கள். அவர்களைப் பார்க்கும் போது, நாமும் இப்படி வளர்ந்து பெரியவர் ஆவோம் என்ற நம்பிக்கை குழந்தைகளுக்கு வந்துவிடுகிறது.

நோய் ஒருவருக்கு வந்தாலும் துன்பம் குடும்பம் முழுவதற்கும்தானே? தம்பிக்கு உடம்பு சரியில்லை என்றால் அம்மாவும் அப்பாவும் மருத்துவமனையிலேயே இருப்பார்கள். வீட்டில் இருக்கும் அக்காவை யார் கவனிப்பது? அவள் பயப்படுவாள். சில நேரம் கோபமும் வரும். கோபப்பட்டுவிட்டோமே என்று பிறகு அழுவாள். இதை யாரிடமும் சொல்லவும் முடியாது. இப்படிப்பட்ட அக்கா, அண்ணன், தம்பி, தங்கைகளுக்காகவே அந்த முகாமில் தனியாக ஒரு பகுதி நடக்கிறது. கோடை அல்லாத மாதங்களில் வார இறுதி நாட்களில் முழுக் குடும்பமும் வந்து தங்கலாம். பிள்ளைகள் விளையாடும் போது பெற்றோர்கள் தங்களைப் போன்ற மற்ற பெற்றோர்களோடு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுகிறார்கள். முகாமுக்கு வரவே முடியாத குழந்தைகளைத் தேடி, முகாமின் ஊழியர்கள் விளையாட்டுச் சாமான்களோடு மருத்துவமனைக்கே போகிறார்கள்.

நீங்கள் காணாமல் போனவரா?

நியூமன் அடிக்கடி முகாமுக்கு வருவார். குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் பெரிய நடிகர் என்பது பல குழந்தைகளுக்குத் தெரியவே தெரியாது. அவருக்கும் அதுதான் பிடித்திருந்தது.

அவரைப் பற்றி ஒரு வேடிக்கையான கதை சொல்வார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் காணாமல் போன குழந்தைகளின் படத்தைப் பால் அட்டைப்பெட்டிகளில் அச்சிடும் வழக்கம் இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஒரு சிறுவன் நியூமனைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டானாம். அவர் எலுமிச்சைப் பானப் பெட்டியில் இருந்த தன் படத்தைக் காட்டினாராம். பையன் படத்தையும் பார்த்தான், அவரையும் பார்த்தான். பிறகு மிகுந்த கவலையோடு, நீங்கள் காணாமல் போய்விட்டீர்களா என்று கேட்டானாம்! நியூமனுக்குச் சிரிப்பு எப்படி வந்திருக்கும்!

இந்த ஒரு முகாமோடு வேலை நிற்கவில்லை. 1994இல் அயர்லாந்தில் ஒரு பழைய கோட்டையே குழந்தைகளின் முகாமாக மாறியது. பிறகு இத்தாலி, ஹங்கேரி, ஜப்பான் என்று பல நாடுகளில் முகாம்கள் தோன்றின. இன்று சீரியஸ்ஃபன் என்ற பெயரில் அவை ஒரே குடும்பமாக இயங்குகின்றன. 1994இல் நியூமனின் தொண்டுக்காக அவருக்கு இன்னொரு ஆஸ்கர் விருதும் கொடுத்தார்கள்.

கடைசியில் நியூமனையும் புற்றுநோய் பிடித்தது. 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் தேதி, 83ஆம் வயதில் தன் வீட்டில் காலமானார்.

2021 பிப்ரவரியில் ஆஷ்ஃபோர்டு முகாமில் தீப்பிடித்தது. கைவினைக் கூடம், மரவேலைக் கூடம் எல்லாம் எரிந்து போயின. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. உடனே பல இடங்களிலிருந்தும் நன்கொடைகள் வந்து குவிந்தன. எரிந்த கூடங்களைப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். நியூமன் இல்லாவிட்டாலும் அவருடைய ஊரை நிலைக்க வைக்க ஆட்கள் இருக்கிறார்கள்!

ஜன்னலோரம் நின்ற மாணவன்

குழந்தைகளே, இதையெல்லாம் எழுதும் போது என் வகுப்பு ஒன்று நினைவுக்கு வருகிறது. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் நீண்ட நாள் விடுப்புக்குப் பிறகு பள்ளிக்கு வந்தான். தலையில் முடி இல்லை. எந்தக் கோவிலில் மொட்டை போட்டாய் என்று எல்லோரும் கேட்டார்கள். அவன் பதில் சொல்லவில்லை. விஷயம் தெரிந்ததும் பக்கத்தில் இருந்த பையன் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான். நோய் ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்களாம்.

நானும் ஒரு தவறு செய்தேன். விளையாட்டு நேரத்தில் அவன் களைத்துப் போவானே என்று வகுப்பிலேயே உட்கார வைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். ஒருநாள் திரும்பி வந்து பார்த்தால், அவன் ஜன்னலோரம் நின்றுகொண்டு கரும்பலகையில் ஓட்டங்களைக் கணக்குப் போட்டு வைத்திருந்தான். வெளியே நடந்த ஆட்டத்தில் ஒரு பந்தைக் கூட அவன் விடவில்லை! மறுநாள் முதல் அவனையே நடுவராக நிற்க வைத்தேன். எல்லோரும் அவனிடம் ஓடி ஓடி அவுட்டா இல்லையா என்று கேட்டார்கள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் அதற்கு முன் அவன் தனியே நின்ற நாட்களை நினைத்தால் இன்றும் என் மனம் உறுத்துகிறது.

புற்றுநோய் தொட்டால் ஒட்டிக்கொள்ளாது. பக்கத்தில் உட்கார்ந்தாலும், சேர்ந்து சாப்பிட்டாலும் வராது. வசதியுள்ள நாடுகளில் இந்த நோய் வந்த குழந்தைகளில் 100க்கு 80 பேருக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள். நல்ல சிகிச்சை கிடைத்தால் எங்கும் அப்படிப் பிழைக்கலாம். ஆனால் உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் அந்த நண்பனிடமிருந்து கொஞ்சம் தள்ளியே இருங்கள். அவனிடமிருந்து உங்களுக்கு எதுவும் வராது, உங்களிடமிருந்துதான் அவனுக்கு வரக்கூடும்.

நியூமனைப் போல முகாம் கட்ட நம்மிடம் பணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் வகுப்பிலோ தெருவிலோ நோயோடு போராடும் ஒரு குழந்தை இருந்தால், பக்கத்தில் போய் உட்காருங்கள். இன்று நடந்த பாடத்தைச் சொல்லுங்கள். ஓட முடியாவிட்டால் உட்கார்ந்து ஆடும் ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள். பல்லாங்குழியும் தாயமும் கேரமும் எதற்கு இருக்கின்றன? அந்தக் குழந்தையின் அக்கா, தம்பியையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்வீர்கள்தானே?